பன்னிரண்டு மணிக்குப் பன்னிரண்டு திராட்சை

அவையோருக்கு வணக்கம். புத்தாண்டு வழக்கங்களில் நொடிக் கணக்குப் பார்த்துச் செய்ய வேண்டியது ஸ்பெயின் நாட்டு வழக்கம். டிசம்பர் 31 நள்ளிரவில் மணி பன்னிரண்டு அடிக்கும். ஒவ்வோர் அடிக்கும் ஒரு திராட்சை. மூன்று நொடிக்கு ஓர் அடி, ஆக 36 நொடி. அதற்குள் 12 பழமும் உள்ளே போய்விட்டால் 12 மாதமும் நல்லபடியாகக் கழியும் என்பது நம்பிக்கை.

நாடு காது கொடுப்பது மாட்ரிட்டின் புவெர்த்தா தெல் சோல் சதுக்கத்துக் கடிகாரத்துக்கு. 1866 முதல் ஓடுகிறது. சிக்கலும் அங்கேதான். முதலில் உச்சியிலிருந்து ஒரு பந்து இறங்கும், மணிகள் கலகலக்கும். பழத்தில் கை வைக்காதீர்கள். பிறகு நான்கு முறை இரட்டை ஒலி வரும். அது கால்மணிக் கணக்கு. அப்போதும் பொறுங்கள். அது ஓய்ந்து விழும் கனத்த ஒற்றை அடிதான் முதல் பழத்துக்கு. 1989-ல் தொலைக்காட்சி அறிவிப்பாளரே இரண்டையும் குழப்பிவிட, பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பழமும் கையுமாக நின்றார்கள். இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள்.

1909-ல் ஸ்பெயினின் அலிகாந்தே மாகாண விவசாயிகள் மிஞ்சிய விளைச்சலைத் தள்ளிவிடக் கிளப்பிய வழக்கம் இது என்பார்கள். முழுக்க நம்ப வேண்டாம். மாட்ரிட் பணக்காரர்கள் ஷாம்பெயினோடு திராட்சை சாப்பிட்டதை 1890-களின் செய்தித்தாள்களே எழுதியிருக்கின்றன. வியாபாரிகள் பரப்பியிருக்கலாம்.

குளிர்காலத்தில் பழம் எப்படி? அலிகாந்தே மாகாணத்தின் வினலோப்போ பள்ளத்தாக்கில், கோடையிலேயே ஒவ்வொரு குலைக்கும் காகிதப் பை கட்டிவிடுகிறார்கள். பூச்சிக்குப் பயந்து தொடங்கிய வேலை. பைக்குள் பழம் மெதுவாகப் பழுக்கிறது, தோலும் மெல்லிசாகிறது. ஆலேதோ என்ற ரகம் டிசம்பர் வரை கொடியிலேயே நிற்கும்.

பெரிய பழம் வாங்குவதுதான் பலர் செய்யும் தவறு. ஐந்தாவது அடிக்குள் வாய் நிறைந்துவிடும். சிறிய, விதையில்லாத பழம் போதும். தோல் தடித்திருந்தால் கொதிநீரில் அரை நிமிடம் போட்டு, குளிர்ந்த நீருக்கு மாற்றினால் உரிந்து வரும். உரித்த பன்னிரண்டை டப்பாவில் அடைத்தும் விற்கிறார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுப் பழம் கொடுக்கவே கூடாது, தொண்டையை அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் வட்டத் துண்டு அப்படியே இருக்கும், ஆபத்தும் இருக்கும்.

கோட்டை விட்டவர்களுக்கும் வழி உண்டு. ஸ்பெயினுக்கே சொந்தமான கேனரித் தீவுகளில் நேரம் ஒரு மணி பின்னால். அங்கே மணியடிப்பதையும் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். இன்னொரு பன்னிரண்டு பழத்தை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.