உறுமிய கைப்பேசி

நடுவர் ஐயா அவர்களே, அவையோரே, வணக்கம்.

"கைப்பேசி அறிவிப்பு வசதியா, வேவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேவுதான் என்பது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய தங்கை, "வாட்ஸ்அப் செய்தி பூட்டித்தானே வருகிறது, அரசாங்கம் எப்படிப் படிக்கும்?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டார். அவர் பேசும்போது, மேசையில் கவிழ்த்து வைத்திருந்த அவர் கைப்பேசி இரண்டு முறை உறுமியதே, கேட்டீர்களா? அனுப்பியவர் நம் ரோஸ் ஹில் ஊரிலேயே அடுத்த தெருவில் இருக்கலாம். ஆனால் அந்த உறுமல், ஆண்ட்ராய்டு என்றால் பெரும்பாலும் கூகுள் சர்வரையும், ஐபோன் என்றால் ஆப்பிள் சர்வரையும் சுற்றித்தான் வருகிறது. எந்தச் செயலி, எத்தனை மணிக்கு, எந்தக் கைப்பேசிக்கு என்ற தடம் அங்கே விழுகிறது.

படிக்கவே வேண்டாம் ஐயா! ஒருவர் புனைபெயரில் அரட்டை அடிக்கிறார் என்று வையுங்கள். அறிவிப்பு வந்து சேர அவர் கைப்பேசிக்கு ஒரு டோக்கன் எண் உண்டு. செயலிக்காரரிடம் அந்த எண்ணை வாங்கிக் கூகுளிடமோ ஆப்பிளிடமோ நீட்டினால், கணக்கு யாருடையது என்று தெரிந்துவிடும். புனைபெயர் அம்போ!

கதை விடவில்லை. அரசுகள் இந்தத் தடங்களைக் கேட்டு வாங்குகின்றன என்று அமெரிக்க செனட்டர் ரான் வைடன் 2023 டிசம்பரில் கடிதம் எழுதினார். அதுவரை வெளியே சொல்ல அமெரிக்க அரசு விடவில்லை என்றது ஆப்பிள். நீதிபதி உத்தரவு இல்லாமல் தரமாட்டோம் என்று ஆப்பிள் விதி வைத்ததே அதற்கப்புறம்தான். திருடனைப் பிடிக்க வேண்டாமா என்பார்கள். பிடிக்கட்டும், நீதிபதியிடம் கேட்டுவிட்டு.

நம் மொரீஷியஸில் 2021இல், சமூக ஊடகப் போக்குவரத்தையெல்லாம் உள்ளூர் சர்வர் வழியாகத் திருப்பி, பூட்டை அவிழ்த்துப் பார்க்கலாம் என்று தொலைத்தொடர்பு ஆணையம் ஒரு யோசனையை வெளியிட்டது. பகிரங்கமாகச் சொன்னதால் கத்தினோம். திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. 2024இல் ஒட்டுக்கேட்ட உரையாடல்கள் என்று ஒலிப்பதிவுகள் கசிந்தபோது, தேர்தல் நேரத்தில் சமூக ஊடகங்களையே முடக்கினார்கள். கத்தினோம், மறுநாளே திறந்தார்கள். அறிவிப்புத் தடம் அப்படியா? கேட்டவர் சொல்லமாட்டார், கொடுத்தவருக்கு வாய்ப்பூட்டு. எதைப் பார்த்துக் கத்துவது?

"திரையில் வரி தெரியாமல் மறைத்திருக்கிறேனே" என்று தங்கை இப்போது எழுந்து சொல்வார். அம்மா, அது பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரிடமிருந்துதான் மறைக்கும், சர்வரிடமிருந்து இல்லை.

இதோ, மூன்றாவது முறை உறுமுகிறது. எடுங்கள், வீட்டிலிருந்தாக இருக்கும். நான் முடித்துக்கொள்கிறேன், நன்றி.