மணம் தெரியாத மருமகன்

வணக்கம் நேயர்களே. தாதிய உத்தியோகத்தராக 31 வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவன் நான். டொக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊசி போடுகிற ஆள். ஆனால் ஊசி போடுகிறவனிடம்தான் சனம் மனம்விட்டுக் கதைக்கும். டொக்டரிடம் இரண்டு நிமிடம் என்றால் எங்களிடம் இருபது நிமிடம். அப்படிக் கேட்ட ஒரு கதையோடுதான் வந்திருக்கிறேன்.

மட்டக்களப்பு வாவியைக் கடக்கிற மண்முனைப் பாலம் 2014-இல் திறப்பதற்கு முந்திய காலம். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து ஒரு தம்பி பாதையில் வருவார். வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் ஊரில் பாதை என்றால் ரோட்டு இல்லை, ஆற்றைக் கடக்கிற மிதவை. கலியாணமாகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்வீட்டில்தான் குடியிருப்பு. அந்த ஐந்து வருடமும் மருந்து யாருக்கு? அவர் மனைவிக்குத்தான். ஸ்கேன் அவளுக்கு, குளிசை அவளுக்கு, கோயில் கோயிலாகத் தொட்டில் கட்டியதும் அவள்தான். மாப்பிள்ளையை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நல்ல உயரம். கையும் காலும் உடம்புக்குப் பொருந்தாத நீளம். முப்பது வயதில் முகத்தில் மயிர் இல்லை. தொலைபேசி எடுத்தால் எதிர்ப்பக்கம், "தங்கச்சி, அண்ணாட்டக் குடுங்க" என்பார்களாம். அதைச் சொல்லி அவரே சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் மாமியாரும் கூட வந்தார். மருமகனைப் புகழத் தொடங்கினார். "தங்கமான பிள்ளை சேர். எதை ஆக்கி வைச்சாலும் குறை சொல்ல மாட்டார். போன கிழமை நான் குளிக்கப் போன நேரம் மீன்குழம்பு அடிப்பிடிச்சுச் சட்டி கரியாப் போச்சு. பக்கத்து வீட்டுக்காரி ஓடி வாறா. இவர் குசினிக்கு அடுத்த அறையில இருந்து பேப்பர் வாசிக்கிறார்!"

எனக்குக் கை நின்றுவிட்டது. பருவம் வராத ஆணிடம் மணம் தெரியுமா என்றும் கேட்க வேண்டும் என்று ஒரு வைத்திய நிபுணர் வார்ட் சுற்றி வரும்போது எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. தம்பியிடம் கேட்டேன். "தம்பி, கருவாடு பொரிச்சா மணக்குமா?" இல்லை. "மல்லிகைப்பூ?" இல்லை. "மண்ணெண்ணெய்?" இல்லை. சின்ன வயதிலிருந்தேவா என்று கேட்டேன். "மணம் மணம் எண்டு நீங்க எல்லாரும் சொல்றது நாக்கில படுற ருசியைத்தான் எண்டு நினைச்சிருந்தன் சேர்" என்றார்.

மூக்குக்கும் பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. தாயின் வயிற்றில் கரு வளரும்போது, பிற்காலத்தில் ஆண் பருவமடையக் கட்டளை கொடுக்க வேண்டிய நரம்புக் கலங்கள் பிறப்பது மூளையில் இல்லை, மூக்குப் பகுதியில். மணத்தை உணரும் நரம்புகளைப் பிடித்துக்கொண்டு அவை மூளைக்கு ஏறிப் போக வேண்டும். அந்த நரம்பு சரியாக அமையாவிட்டால், பாதை ஓடாத நாளில் கரையில் நிற்கிற சனம் மாதிரி அங்கேயே நின்றுவிடும். மணமும் தெரியாது, பருவமும் வராது. 1944-இல் கால்மன் என்பவர் இதைக் குடும்பம் குடும்பமாக ஆராய்ந்து எழுதியதால் கால்மன் நோய் என்கிறார்கள். 1856-இலேயே ஸ்பெயினில் ஒருவர் இதைக் கவனித்துவிட்டார், பெயர் மற்றவருக்குப் போய்விட்டது. எல்லா ஊரிலும் நடக்கிறதுதானே.

ஒன்று, கொரோனாவில் மணம் போனவர்கள் பயப்பட வேண்டாம், அது வேறு. இன்னொன்று, பிறவியிலேயே இந்த ஹோர்மோன் குறை உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மணம் நன்றாகவே தெரியும். ஆகவே மூக்கு மட்டும் சாட்சி இல்லை. ஆனாலும் கேட்டுப் பாருங்கள். காசில்லாத பரிசோதனை.

சரி, உடம்புக்குள் நடப்பது என்ன? நமக்குத் தெரிந்த வயலையே எடுங்கள். நிலம் நல்ல நிலம். குளத்தில் தண்ணீர் இருக்கிறது. தண்ணீர் விடச் சொல்கிற வட்டவிதானை வந்து சொல்லவில்லை, துருசு என்கிற மதகு திறக்கவில்லை. மூளையின் அடியிலிருந்து ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு கட்டளை அதற்குக் கீழே இருக்கிற கபச்சுரப்பி என்கிற சின்னச் சுரப்பிக்கு வர வேண்டும். வந்தால் அது இரண்டு ஹோர்மோனை விடும். ஒன்று ஆணின் விதையில், அதாவது விரையில், டெஸ்டொஸ்டெரோன் என்கிற ஆண் ஹோர்மோனைச் சுரக்க வைக்கும், மற்றது விந்தணுவை வளர்க்கும். கட்டளை இல்லையென்றால் இரண்டும் இல்லை. விதையில் பழுது இல்லை என்பதுதான் இதில் நல்ல செய்தி. விதையே பழுதான ஆளுக்கு, நான் பிறகு சொல்லப்போகிற மருந்து இப்படி வேலை செய்யாது.

நோய் தெரிந்த பிறகு அந்தத் தம்பிக்கு வேறோரிடத்தில் முதலில் "ஆண் ஊசி" போட்டிருந்தார்கள், டெஸ்டொஸ்டெரோன். மாதங்கள் போக மீசை அரும்பியது, குரல் கொஞ்சம் இறங்கியது, வீட்டில் பெரிய சந்தோஷம். விந்துப் பரிசோதனையில் ஒரு அணுவும் இல்லை. இதைத்தான் ரேடியோவைக் கொஞ்சம் சத்தம் கூட்டிக் கேளுங்கள் என்கிறேன். அந்த ஊசி மீசைக்கு உதவும், எலும்புக்கு உதவும், தென்புக்கு உதவும். பிள்ளைக்கு உதவாது. விந்தணு வளர விதைக்குள்ளே இருக்க வேண்டிய அளவு இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு. வெளியிலிருந்து வாளியால் ஊற்றினால் வரம்போரம் பச்சையாகும், வயல் விளையாது. சுகதேகி ஒருவர் ஜிம்மில் யாரோ சொன்னதைக் கேட்டு இதைப் போட்டால், இருக்கிற விந்தணுவும் நின்றுபோகும். மீசைக்கு உதவும், பிள்ளைக்கு உதவாது. போட்டவர்களும் கலங்க வேண்டாம், பிள்ளை வேண்டும் என்கிறபோது டொக்டர் மருந்தை மாற்றுவார்.

எதற்கு மாற்றுவார்? முதலில் எச்.சி.ஜி. ஊசி. இது கர்ப்பிணிப் பெண்ணின் உடம்பில் சுரக்கிற ஹோர்மோன். பாமசியில் வாங்குகிற கர்ப்பப் பரிசோதனைக் குச்சியில் இரண்டாவது கோட்டைக் காட்டுவது இதுதான். ஊசி போட்டிருக்கும் ஆண் அந்தக் குச்சியில் பார்த்தாலும் இரண்டு கோடு வரலாம், யாரும் விளையாட்டுக்குப் பார்த்துவிட்டு மயங்கி விழாதீர்கள். கிழமைக்கு இரண்டு மூன்று தரம், வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதம். விந்தணு தெரியாவிட்டால், விந்தணுவை வளர்க்கிற மற்ற ஹோர்மோனான எஃப்.எஸ்.எச். ஊசியும் சேரும்.

அந்த இரண்டாவது ஊசி வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த ஹோர்மோன் ஏராளமாகச் சுரந்து சிறுநீரில் போகும். 1949-இல் இத்தாலியில் பியெரோ டொனினி என்பவர் அதைப் பிரித்தெடுத்தார். பிறகு மருந்தாகச் செய்ய நிறையச் சிறுநீர் வேண்டுமே, எங்கே போவது? வயதான கன்னியாஸ்திரிகள் இருந்த மடங்களுக்குப் போனார்கள். பிள்ளையே பெறாத அம்மாமாரிடமிருந்து, பிள்ளை வரத்துக்கு மருந்து! இதை அந்த மாமியாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அது தருமம்தானே சேர்" என்றார்.

தம்பி தன் தொப்புளுக்குப் பக்கத்தில் தானே ஊசி போடப் பழகினார். முதல் நாள் வியர்த்துக் கொட்டியது, மூன்றாம் கிழமை என்னைவிட நன்றாகப் போட்டார். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஐஸ்கட்டி போட்ட பிளாஸ்க்கில் மருந்தை வைத்து, பாதையில் மடியோடு அணைத்துக்கொண்டு போவார். தோடம்பழ ஐஸ் விற்கிறாரோ என்று பிள்ளைகள் பின்னால் போனார்களாம்.

பொறுமை வேண்டும். ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் பிடிக்கும். ஆறு மாதத்தில் வருபவரும் உண்டு, இரண்டு வருடம் ஆகிறவரும் உண்டு. 100 பேரில் 75 பேர்வரைக்கும் விந்தணு வருகிறது. எண்ணிக்கை வழமையைவிடக் குறைவாக இருந்தாலும் இவர்களுக்குப் பிள்ளை தங்குகிறது, தாளில் உள்ள இலக்கத்தைப் பார்த்துச் சோர வேண்டாம். தம்பிக்கு 14-ஆம் மாதம் தெரிந்தது. மகள் பிறந்தாள். இந்தக் குறை சில குடும்பங்களில் பிள்ளைக்கும் போகலாம் என்பதால் முன்கூட்டியே டொக்டரிடம் கதைக்கச் சொல்லியிருந்தோம்.

தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் காட்டுகிறார். கன்னியாஸ்திரிகளோடு நேரத்தைச் செலவழித்துவிட்டேன். எலும்புத் தேய்வைப் பற்றிச் சொல்ல வைத்திருந்தது போகட்டும். பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் ஊருக்கே சொல்லிப் பந்தல் போடுகிறோம். ஆண்பிள்ளை ஆனானா என்று யார் பார்க்கிறோம்? 14 வயதாகியும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் காட்டுங்கள். பிறந்த ஆண்குழந்தைக்கு விதை கீழே இறங்கியிருக்கிறதா என்று குடும்பநல மாதுவிடம் கேளுங்கள், இறங்காமல் விட்டால் பிறகு இந்த ஊசிக்கும் பலன் குறையும். டெஸ்டொஸ்டெரோன் இரத்தப் பரிசோதனையைக் காலையிலேயே... ஒரு விரல் காட்டுகிறார். காலையிலேயே எடுங்கள். வணக்கம்.