ஆசிட் ஊற்றினால் ரப்பர் பால் ஏன் கட்டுகிறது? பிணைப்பும் அமிலமும், ஒரே தட்டில்

(திரையில்: அலுமினியத் தட்டில் வடிகட்டிய ரப்பர் பால். ஒரு கை, ஆசிட் கலந்த தண்ணீரை ஊற்றிக் கிளறுகிறது. காட்சி வேகமாக ஓட, பால் கெட்டியாகிறது.)

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு சிறுதோட்டத்தில் இருக்கிறோம். சுற்றிலும் செம்பனைதான். பால் மரம் மிச்சமிருக்கும் இடத்தைத் தேடித்தான் வரவேண்டியிருந்தது. இங்கிருந்து கொஞ்சம் தள்ளி, கோலாகங்சாரில்தான் 1877-இல் மலாயாவின் முதல் ரப்பர் கன்றுகள் சிலவற்றை நட்டார்கள். அதில் ஒரு மரம் இன்றைக்கும் நிற்கிறது.

தட்டைக் கவனியுங்கள். கொஞ்சம் முன்பு தண்ணீர் மாதிரி ஓடிய பால், இப்போது கையால் அள்ளி எடுக்கிற அளவுக்குக் கட்டிவிட்டது. ஊற்றியது ஃபார்மிக் ஆசிட். மலாய்க் கம்பத்துக் கடைகளில் "சூக்கா கெத்தா" என்று கேட்டால் இதைத்தான் கொடுப்பார்கள்.

நான்காம் படிவத்தில் பிணைப்புப் பாடம் முடிந்த கையோடு அமிலப் பாடம் வரும். மெட்ரிகுலேஷனிலும் ஆறாம் படிவத்திலும் இரண்டும் மறுபடி வரும், இன்னும் ஆழமாக. அப்படியும் பிள்ளைகள் இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். பிணைப்பு என்றால் புள்ளி, குறுக்குக்கோடு, வட்டம். அமிலம் என்றால் பி.எச்., லாக், கால்குலேட்டர். என்னைக் கேட்டால், அமிலம் என்று தனியாக ஒன்றுமே இல்லை. ஒரு குறிப்பிட்ட பிணைப்பு எவ்வளவு லேசாக விட்டுக்கொடுக்கிறது என்ற கேள்விதான் அமிலம். இந்தத் தட்டை வைத்தே அதைப் பார்த்துவிடலாம்.

(திரையில்: இரண்டு அணுக்கள், நடுவே இரண்டு எலக்ட்ரான் புள்ளிகள்.)

முதலில் பிணைப்பு. 1916-இல் அமெரிக்க வேதியியலாளர் கில்பர்ட் லூயிஸ் எழுதிய கட்டுரையிலிருந்து வந்ததுதான் நாம் போடும் இந்தப் புள்ளிப்படம். இரண்டு அணுக்களுக்கு நடுவே ஒரு ஜோடி எலக்ட்ரான். அந்த ஜோடியை இரண்டு அணுவும் சேர்ந்து வைத்துக்கொண்டால் சகப்பிணைப்பு, மலாயில் படித்த "இக்காத்தான் கோவாலென்". ஓர் அணு எலக்ட்ரானை மொத்தமாகக் கொடுத்து, இன்னொன்று வாங்கிக்கொண்டால் அயனிப் பிணைப்பு.

இதுவரை எல்லாருக்கும் தெரியும். சிக்கல் எங்கே என்றால், இதை இரண்டு தனி ஜாதி மாதிரி மனப்பாடம் செய்கிறோம். நடுவில் எத்தனையோ படி இருக்கிறது. தோட்டத்தில் காண்டா வாளி, அதாவது தோள் கம்பின் இரு முனையிலும் தொங்கும் பால் வாளிகள், சுமந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வாளியும் ஒரே எடை என்றால் தோள் கம்பின் நடுவில் இருக்கும். ஒரு வாளியில் பால் கூட இருந்தால் தோளை அந்தப் பக்கம் நகர்த்தித்தான் நிற்கமுடியும். எலக்ட்ரான் ஜோடி அந்தத் தோள் மாதிரி. எந்த அணுவுக்கு இழுக்கும் சக்தி கூடவோ அந்தப் பக்கம் சாயும்.

அந்த இழுக்கும் சக்திக்கு லைனஸ் பாலிங் என்ற வேதியியலாளர் எண் கொடுத்தார்.

(திரையில்: ஹைட்ரஜன் 2.2, கார்பன் 2.55, குளோரின் 3.16, ஆக்சிஜன் 3.44, ஃபுளோரின் 3.98, சோடியம் 0.93.)

கார்பனும் ஹைட்ரஜனும் ஏறக்குறைய சமம். ஜோடி நடுவில் இருக்கும். ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் என்றால் 1.24 வித்தியாசம், ஜோடி நன்றாக ஆக்சிஜன் பக்கம் சாய்ந்திருக்கும். சோடியமும் குளோரினும் 2.23. அங்கே பகிர்வு என்று சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. உப்பு 801 டிகிரியில்தான் உருகுகிறது, அயனிகள் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கின்றன.

இப்போது ஒரு கேள்வி. ஹைட்ரஜன் குளோரைடு வாயு சகப்பிணைப்பு உள்ள மூலக்கூறு. அதைத் தண்ணீரில் விட்டால் மட்டும் எப்படி அயனிகள் வருகின்றன? நிறையப் பேர் "தண்ணீரில் உடைந்துவிடும்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். தானாக உடைவதில்லை. தண்ணீர் மூலக்கூறின் ஆக்சிஜனிடம் யாரோடும் பங்கு போடாத எலக்ட்ரான் ஜோடி இருக்கிறது. அது அந்த ஹைட்ரஜனோடு புதிதாகப் பிணைப்பு போடுகிறது. பழைய ஜோடி முழுவதும் குளோரினிடமே தங்கிவிடுகிறது. ஹைட்ரஜன் தன் எலக்ட்ரானை விட்டுவிட்டு வெறும் புரோட்டானாக இடம் மாறுகிறது. ஒரு பிணைப்பு போய் இன்னொரு பிணைப்பு வருகிறது, அவ்வளவுதான்.

1923-இல் டென்மார்க்கில் புரோன்ஸ்டெட்டும் இங்கிலாந்தில் லோரியும் தனித்தனியாகச் சொன்னது இதைத்தான். புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்குவது காரம். இந்தக் கணக்கில் தண்ணீரே இங்கு ஒரு காரம். இதைக் கேட்டதும் முகம் சுளிக்காத மாணவரை நான் பார்த்ததில்லை. பழகிவிடும்.

(திரையில்: ஃபார்மிக் ஆசிட் மூலக்கூறு, பெரிதாக.)

சரி, நம்ம தட்டுக்கு வருவோம். ஃபார்மிக் ஆசிட் சின்ன மூலக்கூறு. ஒரு கார்பன், இரண்டு ஆக்சிஜன், இரண்டு ஹைட்ரஜன். ஒரு ஹைட்ரஜன் நேராகக் கார்பனில் ஒட்டியிருக்கிறது. இன்னொன்று ஆக்சிஜனில். அமிலமாக வேலை செய்வது ஆக்சிஜனில் இருப்பது மட்டும்தான். கார்பனில் இருப்பது தண்ணீரில் எத்தனை நாள் கிடந்தாலும் புரோட்டானாகப் போகாது. வாய்பாட்டில் எத்தனை ஹைட்ரஜன் என்று எண்ணி அமிலத்தை எடைபோடும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

ஆக்சிஜனில் இருப்பது ஏன் போகிறது? ஜோடி ஏற்கெனவே ஆக்சிஜன் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது பாதி பதில். எத்தனாலிலும் ஆக்சிஜனில் ஒட்டிய ஹைட்ரஜன் இருக்கிறதே, அது ஏன் இப்படி அமிலமாகவில்லை? மீதிப் பதில், புரோட்டான் போன பிறகு பின்னால் என்ன மிஞ்சுகிறது என்பதில் இருக்கிறது.

(திரையில்: புரோட்டான் விலகுகிறது. இரண்டு ஆக்சிஜன்களும் ஒரே நிறத்துக்கு மாறுகின்றன.)

ஃபார்மிக் ஆசிட்டில் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே உள்ள இரண்டு பிணைப்புகளும் ஒரே நீளம் இல்லை. இரட்டைப் பிணைப்பு 1.20 ஆங்ஸ்ட்ராம், ஒற்றைப் பிணைப்பு 1.34. புரோட்டான் போனதும் ஃபார்மேட் அயனி. சோடியம் ஃபார்மேட்டில் அளந்தால் இரண்டு பிணைப்பும் 1.27. எது இரட்டை, எது ஒற்றை என்று பிரிக்கமுடியாது. எதிர்மின்சுமை ஒரே ஆக்சிஜன் தலையில் விழாமல் இரண்டிலும் சமமாகப் பரவிவிட்டது. பரவினால் அயனிக்கு நிம்மதி. நிம்மதியான அயனி மிஞ்சும் என்றால் புரோட்டான் போவதும் சுலபம். எத்தனாலில் ஒரே ஆக்சிஜன்தான், பரவ இடமில்லை. புத்தகத்தில் "ரெசொனன்ஸ்" என்று இரண்டு படம் போட்டு நடுவில் இருமுனை அம்பு போடுவார்கள். மூலக்கூறு இந்தப் படத்துக்கும் அந்தப் படத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையில் இருப்பது 1.27 என்ற அந்த ஒரே அமைப்புதான்.

ஆனாலும் ஃபார்மிக் ஆசிட் வலிமை குறைந்த அமிலம். ஓர் அமிலம் எவ்வளவு லேசாகப் புரோட்டானைக் கொடுக்கும் என்று காட்டும் எண் கே.ஏ.; ஃபார்மிக்கில் அது 1.8 × 10⁻⁴. லிட்டருக்கு 0.1 மோல் கரைசலில், நூறு மூலக்கூறில் நான்கு மட்டும்தான் புரோட்டானைக் கொடுத்திருக்கும். பி.எச். சுமார் 2.4 (பி.எச். குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்). அதே செறிவில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் மொத்தமும் கொடுத்துவிடும், பி.எச். 1. வலிமை குறைவு என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. கேனில் வரும் அடர்ந்த ஃபார்மிக் ஆசிட் தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். கலக்கும்போது தண்ணீரில் ஆசிட்டை ஊற்றவேண்டும், கையுறை வேண்டும்.

இந்த இடத்தில் எல்லாரையும் கவிழ்க்கும் ஒருவர் வருவார், ஹைட்ரஜன் ஃபுளோரைடு. இதுவரை நான் சொன்னதை வைத்துப் பார்த்தால், ஃபுளோரின்தான் அதிகம் இழுக்கும், ஜோடி அதிகம் சாயும், ஆகவே இதுதான் வலிமையான அமிலமாக இருக்கவேண்டும். இல்லை. வலிமை குறைந்த அமிலம். ஹைட்ரஜன் அயோடைடோ, ஜோடி அவ்வளவு சாயாதபோதும், வலிமையான அமிலம்.

(திரையில்: பிணைப்பு ஆற்றல், மோலுக்குக் கிலோஜூலில். ஃபுளோரைடு சுமார் 565, குளோரைடு 431, அயோடைடு 299.)

ஜோடி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது ஒன்று, பிணைப்பு எவ்வளவு இறுக்கம் என்பது வேறொன்று. ஃபுளோரின் சின்ன அணு, ஹைட்ரஜனை நெருக்கமாகப் பிடித்திருக்கிறது. அயோடின் பெரியது, பிடி தளர்ந்தது. ஆவர்த்தன அட்டவணையில் ஒரே குழுவில் மேலிருந்து கீழே இறங்கும்போது பிடியின் இறுக்கத்தைப் பாருங்கள். ஒரே வரிசையில் இடமிருந்து வலமாகப் போகும்போது இழுக்கும் சக்தியைப் பாருங்கள். மீத்தேன், அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்று போனால் அமிலத்தன்மை கூடிக்கொண்டே போகும்.

(திரையில்: தட்டுக்குப் பக்கத்தில் தோட்டக்காரர்.)

"மாமா, ஆசிட் இவ்வளவுதான் போடணும்னு அளவு இருக்கா?"

"அளவு டப்பா இருக்கு தம்பி. கூடப் போட்டா கட்டி கல்லு மாதிரி ஆயிடும், மெஷின்ல நசுக்க முடியாது."

பாலுக்குள் என்ன இருக்கிறது? ரப்பர் என்பது ஐசோபிரீன் என்ற அலகு ஆயிரக்கணக்கில் கோத்த நீளச் சங்கிலி. முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும்தான். ஜோடிகள் எந்தப் பக்கமும் சாயாத பிணைப்புகள், அதனால் தண்ணீரோடு ஒட்டாது. அப்படியிருந்தும் பால் தண்ணீரில் பிரியாமல் மிதக்கிறதே? ஒவ்வொரு ரப்பர் துகளைச் சுற்றியும் புரதமும் பாஸ்போலிப்பிடும் (ஒரு வகைக் கொழுப்பு) போர்த்தியிருக்கின்றன. அந்தப் போர்வையில், புரோட்டானை இழந்து எதிர்மின்சுமையோடு நிற்கும் கார்பாக்சிலேட் முனைகள் இருக்கின்றன. ஃபார்மேட்டில் பார்த்தோமே, கிட்டத்தட்ட அதே ஜாதி. எல்லாத் துகளும் எதிர்மின்சுமை என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகியே இருக்கும்.

ஆசிட் ஊற்றினால் புரோட்டான்கள் வந்து அந்த முனைகளில் ஒட்டிக்கொள்கின்றன. சுமை போய்விடுகிறது. பி.எச். 5-ஐ ஒட்டி இறங்கும்போது தள்ளுவதற்கு ஆளில்லை. துகள்கள் மோதி, ஒட்டி, கட்டியாகின்றன. மங்கில், அதாவது மரத்தில் பால் சேரும் கிண்ணத்தில், பாலை அப்படியே விட்டாலும் சாயங்காலத்துக்குள் கட்டிப்பால் ஆகிவிடும். அங்கே ஆசிட் ஊற்றுவது பாக்டீரியா. பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று அமிலம் போடுகிறது. கட்டாமல் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகவேண்டும் என்றால் அம்மோனியா ஊற்றுவார்கள். அதன் நைட்ரஜனிடம் சும்மா இருக்கும் ஓர் எலக்ட்ரான் ஜோடி புரோட்டானைப் பிடித்துக்கொள்ளும், பி.எச். ஏறும், பாக்டீரியாவும் அடங்கும்.

சல்ஃபூரிக் ஆசிட் மலிவு, கொஞ்சம் போட்டாலே கட்டும். சிலர் போடவும் செய்கிறார்கள். ஆனால் அது ஆவியாகாது, ரப்பரிலேயே தங்கித் தரத்தைக் கெடுக்கும். ஃபார்மிக் ஆசிட் 100.8 டிகிரியில் கொதிப்பது, காயவைத்துப் புகை போடும்போது பெரும்பாலும் போய்விடும். கிட்டத்தட்ட அதே மூலக்கூறு எடையுள்ள எத்தனால் 78 டிகிரியிலேயே கொதிக்கிறது. ஃபார்மிக் ஆசிட் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக, எதிரெதிரே நின்று இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்வதுதான் இந்த வித்தியாசத்துக்குக் காரணம். அப்புறம், மரத்தில் ஏறும்போது கெரெங்கா எறும்பு பீய்ச்சுவதும் இதே ஆசிட்தான். 1671-இல் ஜான் ரே எறும்புகளிலிருந்து அமிலம் வருவதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

தட்டில் நடந்ததை ரப்பர் சங்கிலிகள் பிணைந்துகொண்டன என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். துகள்கள் ஒட்டிக்கொண்டன, சங்கிலிக்குள் ஒரு பிணைப்பும் மாறவில்லை. சங்கிலிகளைச் சகப்பிணைப்பால் கோப்பது வேறு வேலை. 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கண்டது அது. சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே கந்தகப் பாலம். அதனால்தான் பச்சை ரப்பர் பெட்ரோலில் கரையப் பார்க்கும், டயர் ஊறி உப்புமே தவிரக் கரையாது.

(திரையில்: ஃபார்மிக், அசிட்டிக், டிரைகுளோரோஅசிட்டிக்.)

கடைசியாக ஒரு தேர்வுக் கேள்வி. இந்த மூன்றையும் வலிமை வரிசையில் வையுங்கள், காரணம் எழுதுங்கள். வினிகரில் இருக்கும் அசிட்டிக் ஆசிட்டின் கே.ஏ. 1.8 × 10⁻⁵, ஃபார்மிக்கில் பத்தில் ஒரு பங்கு. கார்பனில் இருந்த ஹைட்ரஜனுக்குப் பதில் ஒரு மெத்தில் தொகுதி வந்து எலக்ட்ரானை உள்ளே தள்ளுகிறது. ஏற்கெனவே எதிர்மின்சுமை உள்ள அயனிக்கு அது கூடுதல் சுமை. டிரைகுளோரோவில் மூன்று குளோரின்கள் எலக்ட்ரானை வெளியே இழுக்கின்றன, சுமை இன்னும் பரவுகிறது. கே.ஏ. 0.2-ஐ ஒட்டிப் போய்விடுகிறது. ஆகவே டிரைகுளோரோஅசிட்டிக், ஃபார்மிக், அசிட்டிக். வரிசையை எல்லாரும் சரியாக எழுதிவிடுவார்கள். "குளோரின் எலக்ட்ரானை இழுக்கும்" என்பதோடு நிறுத்தினால் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். இழுப்பதால் மிஞ்சும் அயனியின் சுமை பரவி அது நிலைப்படுகிறது என்ற வரியையும் சேர்த்து எழுதுங்கள்.