ஒரு ரோந்து வண்டிக்கு ஐந்து காவலர்

வணக்கம், நேயர்களே.

அமெரிக்கப் புறநகர் ஒன்றில் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்குச் சொத்து வரிச் சீட்டு பழக்கமான தலைவலி. பல மாநிலங்களில் அதில் பெரிய தொகை பள்ளிக்கூடத்துக்குப் போகும். ஊர் நிர்வாகத்துக்கென்று மிஞ்சுவதில் பெரும் பங்கு பெரும்பாலும் காவல்துறைக்குத்தான். போதாததற்கு, வருடா வருடம் உள்ளூர்ச் செய்தித்தாளில் ஒரு பட்டியலும் வரும்: இன்னின்ன சார்ஜென்ட், போன வருடம் 2,00,000 டாலருக்கு மேல் வாங்கினார் என்று. அதைப் படித்தவர் கேட்கிற கேள்விதான் இன்றைய உரையின் பொருள். வரி கட்டுகிறவர் காசில் புறநகர்க் காவலருக்கு அளவுக்கு மீறிக் கொடுக்கிறோமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில ஊர்களில், ஆமாம், அதிகம்தான். ஆனால் சம்பளத்தை மட்டும் பிடித்து இழுத்தால் வரி நினைத்த அளவுக்கு இறங்காது. ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

முதலில் அந்தப் பட்டியல். ரோந்துக் காவலரின் இடைநிலை ஊதியம், அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்குகிற தொகை, 2023 மே மாதக் கணக்குப்படி நாடு முழுவதற்கும் ஏறக்குறைய 72,000 டாலர். நியூயார்க் நகரை அடுத்த லாங் ஐலண்டில் நாஸா, சஃபோக் கவுண்டிகளில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) சம்பள அட்டவணையின் உச்சப்படியை எட்டிய காவலரின் அடிப்படைச் சம்பளமே ஒரு லட்சத்தைத் தாண்டும். நியூ ஜெர்சிப் புறநகர்கள் பலவற்றிலும் அப்படித்தான். இது நிஜமான வித்தியாசம். ஆனால் பட்டியலில் வருகிற 2,00,000 என்பது வேறு சங்கதி. காவலர் சங்கத்தோடு போடும் சம்பள ஒப்பந்தம் இரண்டு மூன்று வருடம் இழுபட்டுப் பிறகு முடிவானால், அத்தனை வருட நிலுவையும் ஒரே வருடத்தில் கைக்கு வரும். ஓய்வு பெறுகிறவருக்கு எடுக்காத விடுப்புக்கான பணம் மொத்தமாகக் கிடைக்கும். மாசசூசெட்ஸ் போன்ற இடங்களில் சாலை தோண்டும் வேலைக்குக் காவல் நிற்கிற கூலியும் சேரும். அந்தக் கூலியைப் பொதுவாகத் தோண்டுகிற நிறுவனம் கொடுக்கிறது, வரிப்பணம் கொடுப்பதில்லை. இவற்றைக் கழிக்காமல் போடுகிற பட்டியல் கோபத்தைக் கிளப்ப உதவும், கணக்குப் பார்க்க உதவாது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு பேச்சுக்கு, 8,000 வீடுகள் உள்ள ஓர் ஊர். எந்த நேரமும் நான்கு ரோந்து வண்டிகள் சாலையில் இருக்க வேண்டும் என்பது அந்த ஊரின் ஏற்பாடு. ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம். நான்கு வண்டிக்கு 35,040. ஒரு காவலரின் வேலை நேரம் தாளில் 2,080 மணி. விடுமுறை, நோய் விடுப்பு, துப்பாக்கிப் பயிற்சி, சட்டப் பயிற்சி, நீதிமன்றம் எல்லாம் போக அவர் வண்டியில் உட்கார்ந்திருப்பது 1,700 மணியைத் தாண்டுவது அரிது. 8,760ஐ 1,700ஆல் வகுத்தால் ஐந்துக்குச் சற்று மேல். ஆக, ஒரு வண்டியில் எந்நேரமும் ஒருவர் இருக்க ஐந்து பேரைச் சம்பளத்தில் வைத்திருக்க வேண்டும். நான்கு வண்டிக்கு 21 பேர். ஷிஃப்டுக்கு ஒரு சார்ஜென்ட் என்றால் இன்னும் ஐந்து. துப்பறிவாளர் மூவர், லெஃப்டினன்ட் ஒருவர், தலைமை அதிகாரி ஒருவர். மொத்தம் 31.

ஒருவருக்கு ஆகிற முழுச் செலவை 2,00,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 1,10,000. ஓவர்டைமும் பணிமூப்புப் படியும் 20,000. ஓய்வூதியத்துக்கு ஊர் கட்டுவது 30,000. மருத்துவக் காப்பீடு 25,000. மற்ற வரி, விபத்துக் காப்பீடு, சீருடை எல்லாம் 15,000. 31 பேருக்கு 62 லட்சம் டாலர், வீட்டுக்கு 775 டாலர்.

அடிப்படைச் சம்பளத்தைப் பத்து சதவீதம் வெட்டினால்? ஒருவருக்கு 11,000 குறையும்; அதோடு சேர்ந்து இறங்கும் ஓவர்டைமையும் ஓய்வூதியத்தையும் சேர்த்தால் 14,000. வீட்டுக்கு மிச்சம் சுமார் 54 டாலர். நடைமுறையில் எந்தச் சங்கமும் இதற்கு ஒப்புக்கொள்ளாது என்பது இருக்கட்டும். அதற்குப் பதில், இரவு 12 மணி நேரத்துக்கு மட்டும் நான்காவது வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்து ஊரோடு பகிர்ந்துகொண்டால், அது 4,380 மணி நேரம், ஏறக்குறைய இரண்டரைக் காவலர். வீட்டுக்கு 64 டாலர் மிச்சம்; அதிலிருந்து பகிர்ந்த வண்டிக்கு நம் பங்காக ஒரு தொகை கொடுக்க வேண்டும். யாருடைய சம்பளத்திலும் கை வைக்காமல் கிட்டத்தட்ட அதே பலன். இந்தக் கணக்கை வரவு செலவுக் கூட்டங்களில் யாரும் பேசிக் கேட்பது அபூர்வம், ஏனென்றால் வண்டி குறைகிறது என்றால் வாக்காளர் பயப்படுவார். சம்பளம் குறைகிறது என்றால் கைதட்டுவார்.

ஓவர்டைமைப் பற்றியும் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. பல புறநகர்களில் 12 மணி நேர ஷிஃப்ட், 14 நாளில் 84 மணி. கூட்டாட்சித் தொழில் சட்டம் காவலருக்கென்று தனி வரம்பு வைத்திருக்கிறது: 14 நாளில் 86 மணி, 28 நாளில் 171 மணி. அதாவது வழக்கமான அட்டவணை சட்டத்தின் ஓவர்டைம் வரம்பைத் தொடுவதே இல்லை. ஓவர்டைமைப் பெருக்குவது பெரும்பாலும் உள்ளூர் ஒப்பந்தம்தான். விடுமுறை நாளில் நீதிமன்றத்துக்குப் போய் இருபது நிமிடத்தில் திரும்பினாலும் நான்கு மணி நேரக் கூலி என்று எழுதியிருக்கும். ஷிஃப்டில் இத்தனை பேருக்குக் குறையக் கூடாது என்ற விதி இருக்கும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவரை ஒன்றரை மடங்குக்கு அழைத்தே ஆக வேண்டும்.

ஆனாலும் ஓவர்டைம் என்றாலே வீண் என்று நினைக்க வேண்டாம். மேலே சொன்ன காவலருக்கு மணிக்கு 53 டாலர். ஒன்றரை மடங்கு 79. அதே மணி நேரத்துக்குப் புதிதாக ஓர் ஆளை வைத்து அவரும் உச்சப்படிக்கு வந்துவிட்டால், காப்பீடும் ஓய்வூதியமும் சேர்த்து மணிக்கு 106 டாலர் ஆகும். இருக்கிற ஆளை அழைப்பதே மலிவு. இதில் கோளாறு ஓய்வூதியத்தில் வருகிறது. நியூயார்க்கின் பழைய திட்டத்தில் 20 ஆண்டு முடித்தவருக்கு, கடைசி ஆண்டுகளின் சராசரி வருமானத்தில் பாதி, ஆயுள் முழுக்க. அந்தச் சராசரியில் ஓவர்டைமும் சேரும். அதனால்தான் மூத்தவர்கள் கடைசி மூன்று வருடம் ஓவர்டைமை விடாமல் வாங்குவார்கள். 2010 ஜனவரிக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு இதற்கு வரம்பு வந்திருக்கிறது. முன்பு சேர்ந்தவர்களின் வாக்குறுதி அப்படியே நிற்கிறது. அதை மாநில அரசமைப்பே காக்கிறது.

சிகாகோவைச் சுற்றியுள்ள புறநகர்களில் இன்னொரு பாரம். அங்கே ஊருக்கு ஊர் தனிக் காவலர் ஓய்வூதிய நிதி. பல ஊர்கள் வருடக்கணக்கில் கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டன. இப்போது 2040க்குள் நிதியை 90 சதவீதத்துக்கு நிரப்ப வேண்டும் என்பது மாநிலச் சட்டம். அதனால் இன்றைய வரியில் ஒரு பகுதி இன்று ரோந்து போகிறவருக்குப் போவதில்லை. அப்போதைய நகரசபை மிச்சம் பிடித்ததாகக் காட்டிக்கொண்ட பழைய பாக்கிக்குப் போகிறது. 2019 சட்டம் அந்தச் சிறு நிதிகளின் முதலீடுகளை ஒன்றாக்கியது. பாக்கி அந்தந்த ஊரின் தலையிலேயே இருக்கிறது.

இனி, சம்பளத்தை ஏற்றுகிற இயந்திரம். 1919இல் பாஸ்டன் காவலர்கள் வேலைநிறுத்தம் செய்ததிலிருந்தே காவலர் வேலைநிறுத்தம் என்றால் அமெரிக்க அரசியலுக்கு ஆகாது. நியூயார்க்கில் 1967 டெய்லர் சட்டம் பொது ஊழியர் வேலைநிறுத்தத்தைத் தடை செய்தது. அதற்கு ஈடாக 1974இல் காவலருக்கும் தீயணைப்பாளருக்கும், பேச்சுவார்த்தை முறிந்தால் கட்டாய நடுவர் தீர்ப்பு என்ற ஏற்பாடு வந்தது. நியூ ஜெர்சியில் 1977இல். நியூயார்க்கில் மூவர் குழு: ஊர் ஒருவர், சங்கம் ஒருவர், நடுநிலையாளர் ஒருவர். அவர்கள் பார்க்க வேண்டியவற்றில் முக்கியமானது, ஒப்பிடத்தக்க ஊர்களில் என்ன கொடுக்கிறார்கள் என்பது. பணக்கார ஊர் ஒன்று முதலில் கையெழுத்துப் போடும். அதைக் காட்டிப் பக்கத்து ஊர்ச் சங்கம் கேட்கும். அதற்குக் கிடைத்ததைக் காட்டி அடுத்த ஊர். எல்லாருமே அண்டை ஊரின் சராசரிக்குக் கீழே இருக்க மாட்டோம் என்றால் சராசரி ஏறிக்கொண்டேதான் போகும். ஒப்பந்தம் காலாவதியானாலும் பழைய விதிகள் நீடிக்கும் என்று 1982இல் நியூயார்க் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஆண்டு இன்க்ரிமென்டும் அதில் அடக்கம். ஆகவே பேச்சுவார்த்தையை முடிக்கச் சங்கத்துக்கு அவசரம் இல்லை.

இந்த இயந்திரத்துக்குப் பிரேக் போட முடியும் என்பதற்கும் சான்று உண்டு. நியூ ஜெர்சி 2011 முதல், நடுவர் தீர்ப்பு அடிப்படைச் சம்பளத்தை வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று வரம்பு கட்டியது. இன்க்ரிமென்டும் பணிமூப்புப் படியும் அதற்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதுதான் அதன் பல். இல்லாவிட்டால் 2 சதவீதம் என்று சொல்லிவிட்டு 5 சதவீதம் போயிருக்கும். 2017 கடைசியில் அந்த வரம்பு காலாவதியானது. ஊர்கள் சொத்து வரியை 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்ற வரம்பு மட்டும் நிற்கிறது. வரவுக்குப் பூட்டு, செலவுக்குத் திறந்த கதவு. நாஸா கவுண்டியில் நிலைமை முற்றியபோது, மாநிலம் அமைத்த நிதிக் கண்காணிப்பு அமைப்பே 2011இல் சம்பள உயர்வுகளை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.

ஊர்ச் செலவுக்கு வரிப்பணம் போதாவிட்டால் என்ன ஆகும்? மிசோரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் கவுண்டியின் சின்னஞ்சிறு ஊர்களைப் பாருங்கள். அவற்றில் ஒன்றான ஃபெர்குசன் பற்றி 2015 மார்ச்சில் கூட்டாட்சி அரசின் நீதித் துறை வெளியிட்ட அறிக்கை, அந்த நகரம் வருவாய்க்காகக் காவலரை அபராதச் சீட்டு எழுத விரட்டியதை விவரமாகச் சொன்னது. வரியில் தெரியாத செலவு ஏழைகளின் அபராதத்தில் தெரிந்தது.

அதிகமா குறைவா என்று அறிய எனக்குப் பிடித்த அளவுகோல் எளியது: வேலைக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஓய்வுக்கு முன்பே விலகுகிறார்கள். லாங் ஐலண்ட் கவுண்டிகள் தேர்வு வைத்தால், காலியிடங்களைப் போலப் பல மடங்கு ஆட்கள் எழுதுகிறார்கள். நியூயார்க் நகரக் காவலர்களும் அங்கே தாவுகிறார்கள். அங்கே சம்பளம் ஆளைப் பிடிக்கத் தேவையானதை விட மேலே இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். மாறாக, ஆறு மாத அகாடமிப் பயிற்சியும் மூன்று மாதக் களப் பயிற்சியும் கொடுத்து முடிந்ததும் ஆள் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார் என்றால், அந்த ஊர் குறைத்துக் கொடுத்து, அந்த மிச்சத்தைப் பயிற்சியில் தொலைக்கிறது.

ஆள் கணக்கைக் குறைக்கும் வழிகள் பழையவைதான். நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனில் பரோ, டவுன்ஷிப் என்று தனித்தனியே இருந்த இரண்டு ஊர் நிர்வாகங்கள் 2013இல் ஒன்றானபோது இரண்டு காவல்துறையும் ஒன்றாயின. இணைப்பில் கவனிக்க வேண்டியது ஒன்று: இரண்டு சம்பள அட்டவணை ஒன்றாகும்போது, பொதுவாக உயரமானதே நிலைக்கும். பதவிகளைக் குறைக்காமல் இணைத்தால் செலவு கூடவே செய்யும்.

கலிஃபோர்னியாவின் லேக்வுட் 1954இல் நகரமானபோது சொந்தக் காவல்துறையே வைக்காமல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் காவல் தலைவரான ஷெரிஃபிடம் ஒப்பந்தம் போட்டது. பிறகு எத்தனையோ நகரங்கள் அதே வழியில் போயின. அங்கே விலை மணிக் கணக்கில் பேசப்படுகிறது: வாரத்துக்கு 40 மணி, அல்லது விடுப்புக்கு மாற்று ஆளோடு 56 மணி. 56 மணி அலகு மூன்று வாங்கினால் 168 மணி, ஒரு வண்டி ஓயாமல் ஓடும். ஐந்து காவலர் கணக்கு அந்த விலைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் ஷெரிஃபின் ஆட்களுக்குக் கவுண்டி சம்பள உயர்வு பேசி முடித்தால், அந்தப் பேச்சில் நகரத்துக்கு நாற்காலி கிடையாது. உயர்வு அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் வந்து சேரும். அப்போது திரும்பப் போய்ச் சொந்தக் காவல்துறை தொடங்கலாம் என்றால், வண்டி, வானொலிக் கருவி, லாக்கப், ஆவண அறை எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து வாங்க வேண்டும்.