போத்தலின் இலக்கமும் கொழுந்துக் கூடையும்

(ஹட்டனில் தோட்டத் தொழிலாளர், வெளிக்கள உத்தியோகத்தர், சிறுதோட்ட உரிமையாளர் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும், கொழுந்து நிறுத்துவிட்டு நேரே வந்து அமர்ந்திருக்கும் அக்காமார், தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

தேயிலை மலையில் நின்று திராட்சை மதுவைப் பற்றி ஏன் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. லண்டனிலும் பெர்லினிலும் வைன் போத்தலும் நமது தேயிலைப் பெட்டியும் ஒரே கடையில்தான் விற்கின்றன. இரண்டையும் கையில் எடுப்பவர் இன்று ஒரே கேள்வியைக் கேட்கிறார்: இது மண்ணைக் கெடுக்காமல், ஆளை வதைக்காமல் செய்ததுதானா? வைன்காரர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகியவர்கள். சில இடத்தில் உண்மையாகச் சொன்னார்கள், சில இடத்தில் பூசி மெழுகினார்கள். இரண்டையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டு பயிருக்கும் பழைய சொந்தமும் உண்டு. 1860களில் பிரான்ஸில் பைலொக்செரா என்ற சின்னப் பூச்சி திராட்சைக் கொடியின் வேரில் விழுந்தது. 1869இல் இங்கே கோப்பி இலையில் துருநோய் கண்டது. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் ஒரே பயிரை நட்டால் என்ன நடக்கும் என்பதை அவர்களும் நாமும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அனுபவித்தோம். கோப்பி செத்த மலையில்தான் நமது பாட்டன் பூட்டன் தேயிலை நட்டார்கள்.

முதலில் மருந்தடியைப் பார்ப்போம். திராட்சை இலையில் பூஞ்சணம் விழாமல் இருக்க, செப்புச் சல்பேற்றையும் சுண்ணாம்பையும் நீரில் கலந்து தெளிக்கும் போர்தோ கலவையை 1885இல் பிரான்ஸில் அறிமுகம் செய்தார்கள். அது வேலை செய்தது. ஆனால் செப்பு மக்கிப் போகிற பொருளல்ல. நூறு ஆண்டுக்கு மேல் தெளித்த தோட்டங்களில் அது மேல் மண்ணிலேயே தேங்கி, மண்புழுவைக் குறைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் இப்போது ஒரு ஹெக்டேயருக்கு 7 ஆண்டுகளில் மொத்தம் 28 கிலோவுக்கு மேல் செப்புப் போடக்கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. இயற்கை விவசாயம் என்று பெயர் போட்ட திராட்சைத் தோட்டத்துக்கும் இதே வரம்புதான்.

நமக்கும் செப்பு புதிதல்ல. 1946இல் தேயிலை இலையில் விழும் கொப்புள நோய் இந்தத் தீவுக்கு வந்த நாளிலிருந்து, மழைக்காலத்தில் இளங்கொழுந்தைக் காக்கச் செப்பு மருந்து அடிக்கிறோம். அந்த நோய் ஈரத்திலும் பனிமூட்டத்திலும் வளரும், வெயிலில் அடங்கும். அதனால் வெயில் அடித்த மணித்தியாலங்களைக் கணக்கிட்டு, மருந்து தேவையா இல்லையா என்று தீர்மானிக்கும் முறையை 1960களிலேயே நம் நாட்டில் ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். கலண்டரைப் பார்த்து மருந்தடிக்கிற தோட்டம் காசையும் மண்ணையும் சேர்த்தே வீணாக்குகிறது.

அளவில்தான் பெரும்பாலான பிழை நடக்கிறது, ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மலையில் பத்து மீற்றருக்குப் பத்து மீற்றர் அளந்து நான்கு மூலையிலும் குச்சி நடுங்கள். தெளிகருவியில் வெறும் தண்ணீர் ஊற்றி, மருந்தடிக்கிற ஆள் வழக்கமாக நடக்கும் வேகத்தில் அந்த இடத்தை அடிக்கட்டும். எத்தனை லீட்டர் குறைந்தது என்று பாருங்கள். 4 லீட்டர் போனால், ஒரு ஹெக்டேயருக்கு 400 லீட்டர், அதாவது 16 லீட்டர் தாங்கியில் 25 தாங்கி. மருந்துச் சிட்டையில் ஒரு ஹெக்டேயருக்கு 400 கிராம் என்று இருந்தால், ஒரு தாங்கிக்கு 16 கிராம். இந்தக் கணக்கைச் செய்யாமல் மூடியாலும் கையாலும் அள்ளிப் போடும்போது ஒரு மட்டத்தில் இரட்டை மருந்தும் அடுத்த மட்டத்தில் பாதி மருந்தும் விழுகிறது. நோயும் நிற்காது, கொழுந்தில் எச்சமும் கூடும்.

தெளிகருவியின் முனைத்துளை தேய்ந்து பெரிதாவது அடுத்த பிழை. கண்ணுக்குத் தெரியாது. புது முனையில் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று அளவுச் சாடியில் பிடித்து எழுதி வையுங்கள். பழைய முனையில் அதைவிடப் பத்து வீதம் கூடுதலாக விழுந்தால் முனையை மாற்ற வேண்டும். அதன் விலை வீணாகும் மருந்தின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

கொழுந்து எடுத்து முடித்த கையோடு மருந்தடிக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த சுற்று வருவதற்குள் சிட்டையில் சொன்ன இடைவெளி கழியும். காற்று முதுகுப்பக்கம் இருக்க வேண்டும். வெறும் போத்தலில் கால்வாசி தண்ணீர் ஊற்றி, மூடி, அரை நிமிடம் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தாங்கியிலேயே ஊற்றுங்கள். மூன்று முறை இப்படிச் செய்த பிறகு போத்தலில் ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டை போடாத போத்தல்தான் லயத்தில், நமது வரிசை வீடுகளில், மண்ணெண்ணெய்ப் போத்தலாக மாறுகிறது. கழுவிய தண்ணீர் கானுக்கு, அதாவது மழைநீர் வடிகாலுக்கு, போகக்கூடாது. இந்த மலையின் கானெல்லாம் ஓடைக்கும், ஓடையெல்லாம் மகாவலிக்கும் களனிக்கும்தான் போகின்றன. நமது குழாயும் அந்த ஓடையிலிருந்துதான் வருகிறது.

இந்த ஒழுங்கெல்லாம் தாளில் இருந்தும் மலையில் இல்லாமல் போவதை வைன் நாடுகளில் பார்க்கலாம். தென்னாபிரிக்காவின் வெஸ்டர்ன் கேப் மாகாணப் பழ, வைன் பண்ணைகளைப் பற்றி 2011இல் ஹியூமன் ரைட்ஸ் வொட்ச் அறிக்கை வெளியிட்டது. பாதுகாப்பு உடையின்றி மருந்து படுவது, வேலை செய்யும் இடத்தில் கழிப்பறையும் குடிநீரும் இல்லாதது, வாழத் தகாத வீடு என்று அதில் எழுதியதைப் படிக்கும்போது, மேல்கொத்மலைப் பக்கம் எழுதியதோ என்று தோன்றும். ஷாம்பெயின் பிரதேசம் இன்னும் பெரிய எடுத்துக்காட்டு. உலகிலேயே விலை கூடிய வைன்களில் ஒன்று, சூழலைக் கெடுக்காமல் செய்தது என்று சொல்லும் நிலைபேறு முத்திரையும் சொந்தமாக வைத்திருக்கிறது. அங்கே 2023 அறுவடையில் கடும் வெயிலில் தொழிலாளர் சிலர் இறந்தார்கள். அதே அறுவடைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர்கள் மேற்கு ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்களை மனிதர் தங்க முடியாத இடத்தில் அடைத்து வைத்ததற்காக, 2025இல் பிரான்ஸ் நீதிமன்றம் அவர்களுக்கு ஆட்கடத்தல் குற்றத்தில் தண்டனை கொடுத்தது. கம்பனிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் ஓர் இடைத்தரகர் நின்றால் பொறுப்பு யாருடையது என்று தெரியாமல் போய்விடுகிறது. கொந்தரப்புக்கு, அதாவது ஒப்பந்தத்துக்கு, ஆள் விடுகிற முறை நம் தோட்டங்களிலும் பெருகி வருகிறது, அதைக் கவனியுங்கள்.

இனி நெஞ்சை உறுத்தும் ஒரு விஷயத்துக்கு வருகிறேன். கேப் பண்ணைகளில் டொப் என்று ஒரு முறை இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் தொடங்கியது. கூலியின் ஒரு பகுதியை வைனாகவே கொடுப்பார்கள், ஒரு நாளில் பல தடவை. விற்காத மட்டமான வைன் தொழிலாளியின் வயிற்றுக்குப் போனது, தொழிலாளி பண்ணையை விட்டுப் போக முடியாதவரானார். 1960களில் சட்டம் தடுத்தும், 1990கள் வரை பல பண்ணைகளில் அது ஒழியவில்லை. அதன் பலன் பிள்ளைகளில் தெரிந்தது. தாய் கருவுற்றிருக்கும்போது குடித்ததால் மூளை வளர்ச்சியும் உடல் வளர்ச்சியும் குன்றிப் பிறக்கும் பிள்ளைகளின் விகிதம், உலகில் பதிவானவற்றுள் மிக உயர்ந்த அளவில் அந்தத் திராட்சை ஊர்களில்தான் இருந்தது.

நமது தோட்டங்களில் யாரும் சாராயத்தைக் கூலியாகக் கொடுக்கவில்லை. ஆனால் சம்பளக் காசு எங்கே போகிறது, கசிப்பு என்ற கள்ளச்சாராயம் எந்த லயத்தின் பின்னால் காய்ச்சப்படுகிறது என்பது இங்கே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். குடிக்கிறவரைத் திட்டுவது சுலபம். நாள் முழுக்க மழையில் நனைந்து, அட்டை கடித்து, முதுகு ஒடிய முள்ளுக்கருவியால் மண்ணைக் குத்தி வருகிறவர் "உடம்பு வலிக்கு" என்றுதான் தொடங்குகிறார். வலியைக் குறைக்காமல் குடியைக் குறைக்க முடியாது. நனையாத படங்கு, சரியான சப்பாத்து, மலையிலேயே கொதித்தாறிய தண்ணீர், கூடை நிரம்பும் இடத்துக்கு அருகிலேயே தராசு, இவை செலவில்லாத காரியங்கள் அல்ல, ஆனால் முதலில் செய்ய வேண்டியவை. பெண்ணின் சம்பளம் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் போய்க் கையெழுத்து வைத்து வாங்கும் வழக்கம் எங்கே மிஞ்சியிருந்தாலும் நிறுத்துங்கள். கருவுற்ற காலத்தில் இவ்வளவு குடித்தால் பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது என்பதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில், கோயிலில், மாப்பிள்ளை பெண் பேசும் வீட்டில் சொல்லுங்கள். கரு உண்டானது தெரிவதற்கு முந்திய வாரங்களிலும் சேதம் நடக்கும் என்பதால், மருத்துவமாது வரும்வரை காத்திருக்க முடியாது.

போத்தலைப் பற்றி ஒரு வார்த்தை. வைனின் கரிமச் சுமையில் பெரும் பங்கு கண்ணாடியை உருக்குவதிலும் சுமப்பதிலும்தான் இருக்கிறது. அதனால் 750 மில்லிலீட்டர் போத்தலின் சராசரி எடையை 550 கிராமிலிருந்து 2026 முடிவுக்குள் 420 கிராமாகக் குறைக்கப் பல பெரிய கடைகள் 2023இல் ஒப்பந்தம் செய்தன. நமக்கு அந்த இடத்தில் இருப்பது ஸ்டோரின், அதாவது தேயிலைத் தொழிற்சாலையின், விறகு. பச்சையாக வெட்டிய விறகில் பாதி எடை தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து விரட்டுவதற்கே அடுப்பு உழைக்கிறது. ஒரு கிலோ பச்சை விறகு தரும் சூடு, நன்றாக உலர்ந்த ஒரு கிலோ தருவதில் பாதிக்குச் சற்று மேல்தான். விறகைப் பிளந்து, கூரைக்குக் கீழே காற்று நுழைய இடைவெளி விட்டு அடுக்கி, சில மாதம் வைத்திருந்து எரித்தால் ஒவ்வொரு லொறிச் சுமையிலும் மரம் மிஞ்சும். மழைக்காலத்தில் நேற்று வெட்டியதை இன்று திணிக்கும் ஸ்டோரில் சூடு ஏறி இறங்கி, தேயிலையே கெட்டுப்போகிறது.

கான்வெட்டும் இதே போன்றதுதான். குறுக்குக் கானுக்கு 120 அடிக்கு ஓர் அடி சரிவு போதும். சரிவு கூடினால் கான் அரித்து ஓடையாகும், சேறு அள்ளாமல் விட்டால் நிரம்பி வழிந்து லயத்தின் பின்சுவருக்கு வரும். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்து மீரியபெத்த தோட்டத்தில் லயங்களின் மேல் மலை சரிந்ததை மறந்தவர் இங்கே யாரும் இல்லை. 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுத்திருந்தும் மக்கள் அந்த லயங்களிலேயே இருந்தார்கள். பயிர்நிலத்தை மட்டும் பார்த்துவிட்டு லயத்தின் பின்மலையைப் பார்க்காத சான்றிதழ் எதையும் நான் முழுமையானது என்று ஏற்கமாட்டேன்.

சான்றிதழ் என்றதும் கடைசி விஷயம். தென்னாபிரிக்கா 1998இல் சூழலைக் காக்க வைனுக்கு ஒருங்கிணைந்த உற்பத்தி முறை ஒன்றைக் கொண்டுவந்தது. 2002இல் தொழிலாளர் நிலைமையைப் பார்ப்பதற்கு வியெட்டா என்ற அமைப்பு வந்தது. கம்பனியும் தொழிற்சங்கமும் தன்னார்வ அமைப்பும் அதில் சேர்ந்து உட்கார்ந்தன. 2010 அறுவடையிலிருந்து போத்தல் கழுத்தில் ஒட்டும் நிலைபேறு முத்திரையில் ஓர் இலக்கம் இருக்கிறது. வாங்குகிறவர் அந்த இலக்கத்தைக் கொண்டு வைனின் மூலத்தைத் தேடிப் பார்க்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த இலக்கம் ஒரு பக்கத்துக்குத்தான் வேலை செய்கிறது. குடிக்கிறவர் பண்ணையைக் கண்டுபிடிக்கலாம், பழம் பறித்தவர் தன் பழம் எந்த விலைக்குப் போனது என்று கண்டுபிடிக்க முடியாது.

நாம் அதை மறுபக்கமும் திறக்க முடியும். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் ஒவ்வொரு தொகுதியும் தோட்டத்தின் விற்பனைப் பெயரோடும் ஓர் இன்வொய்ஸ் இலக்கத்தோடும்தான் விற்கிறது. சிறுதோட்டக்காரருக்கு ஏற்கனவே ஒரு சூத்திரம் உண்டு: விற்ற பணத்தில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் ஸ்டோருக்கு. அது சரியா தவறா என்று அவர் சண்டை பிடிக்கலாம், ஏனென்றால் எண் அவர் கையில் இருக்கிறது. பெரிய தோட்டத்தில் பேர் பதிந்து நாட்கூலிக்கு வேலை செய்கிறவருக்கு அந்த எண் இல்லை. நாட்கூலி 2021இல் 1000 ரூபாய், 2024இல் 1350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அந்தப் பேச்சுவார்த்தைகளில் ஒரு பக்கம் கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்தது, மறு பக்கம் வயிற்றோடு உட்கார்ந்தது.

ஆகவே கேட்க வேண்டியது ஒரு பலகை. காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில், கணக்கப்பிள்ளை நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், தமிழிலும் சிங்களத்திலும். ஏலம் முடிந்த வாரத்தில் தோட்டத்தின் இன்வொய்ஸ் இலக்கம், தேயிலையின் தரம், கிலோ, கிடைத்த விலை. அதற்குக் கீழே அந்த வாரம் நிறுத்த கொழுந்து எத்தனை கிலோ, சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்று. நூறு கிலோ கொழுந்துக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு கிலோ தேயிலை வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நிறுத்ததையும் விற்றதையும் சில மாதம் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால், கழிவு அதிகமா இல்லையா என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். தராசை நம்புவதற்கு, முத்திரையிட்ட பத்துக் கிலோப் படிக்கல் ஒன்றைக் காலையில் முதலில் வைத்துப் பார்த்து, அது காட்டிய எண்ணையும் பலகையில் எழுத வேண்டும். எழுதும் பொறுப்பைக் கொழுந்தெடுக்கும் இரண்டு பெண்களிடம் மாதத்துக்கு மாதம் மாற்றிக் கொடுங்கள். அடுத்த முறை சான்றிதழ் பார்க்க வருகிறவர்கள் ஒப்பீசுக்குப் போகுமுன் அந்தப் பலகைக்கு முன்னால் நிற்கட்டும். அந்தப் பெண்களோடு, துரையோ உத்தியோகத்தரோ பக்கத்தில் இல்லாமல், அரை மணித்தியாலம் பேசட்டும்.