கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்: நின்ற கடிகாரமும் அறுத்த விலங்கும் (சந்தேகங்களுக்கு விளக்கம்)

அடுத்த கேள்வி: "டிக்கன்ஸோட கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ் நாவல்ல, மிஸ் ஹேவிஷம் வீட்டுக் கடிகாரம் நேரம் நின்னுபோனதுக்கு சிம்பல்னு எழுதினேன். பாதி மார்க்தான் வந்துது. வேற என்ன எழுதணும்? அந்த வீட்டுக்கும் கைதி மேக்விட்சுக்கும் என்ன சம்பந்தம்?"

சரி, கடிகாரத்துலேருந்து ஆரம்பிப்போம். எல்லாக் கடிகாரமும் எட்டு நாப்பதுல நிக்குது. ஏன் எட்டு நாப்பது? கல்யாணத்தன்னிக்கு அவங்க அலங்காரம் பண்ணிக்கிட்டிருந்தப்போ, மாப்பிள்ளை வரமாட்டான்னு கடிதம் வந்த நேரம் அது. ஒரு கால்ல மட்டும் செருப்பு இருக்கறதுக்கும் அதுதான் காரணம், இன்னொண்ணு மேசை மேலேயே கிடக்கு. 22ஆவது சாப்டர்ல, கதாநாயகன் பிப்போட நண்பன் ஹெர்பர்ட் இந்தக் கதையைச் சொல்றான்.

ஆனா நேரம் நிஜமா நின்னுச்சா? இல்லையே. வெள்ளை கவுன் மஞ்சளாயிடுச்சு, உடம்பு வத்திப்போச்சு, கல்யாண கேக்ல சிலந்தி ஓடுது. நின்னது முள்ளு மட்டும்தான். நேரத்தை நிறுத்தணுங்கறது அவங்க பிடிவாதம், அழுகல் அது பாட்டுக்கு நடக்குது. இந்த முரணை எழுதாம விட்டாத்தான் பாதி மார்க்.

இப்போ மேக்விட்ச். பொதுவா கைடுகள்ல ஒவ்வொரு சிம்பலுக்கும் நேரா ஒரு அர்த்தம் போட்டிருப்பாங்க: மூடுபனின்னா குழப்பம், விலங்குன்னா குற்றம். அப்படி எழுதினா அது அகராதிதான். ஒரு பொருள் யார் கையிலேருந்து யார் கைக்குப் போகுதுன்னு பாருங்க. தப்பிச்சு வந்த கைதி மேக்விட்சோட கால் விலங்கை அறுக்க, சின்னப் பையன் பிப், அக்கா புருஷன் ஜோவோட கொல்லுப் பட்டறையிலேருந்து அரத்தைத் திருடிட்டு வந்து குடுக்குறான். 10ஆவது சாப்டர்ல, மதுக்கடையில முகம் தெரியாத ஒருத்தன் அதே அரத்தால ரம்மைக் கலக்குறான், பிப்புக்கு மட்டும் தெரியற மாதிரி. அப்புறம் ரெண்டு ஒரு பவுண்டு நோட்டுல ஒரு ஷில்லிங்கைச் சுத்திக் குடுத்துட்டுப் போறான். அறுத்த விலங்கு? அதைச் சதுப்புல பொறுக்கி வெச்சிருந்த, ஜோவோட பட்டறை ஆள் ஆர்லிக், 15ஆவது சாப்டர் கடைசியில பிப்போட அக்காவை அடிச்சு வீழ்த்தறது அதாலதான். அடிச்சவன் இவன்னு 53ல தான் தெரிய வருது. பயத்துலயும் இரக்கத்துலயும் செஞ்ச உதவியே அக்கா தலைல விழுது. பிப்போட குற்ற உணர்ச்சிக்கு இதைவிட நல்ல ஆதாரம் நாவல்ல கிடையாது.

அந்த நோட்டு விஷயத்தையும் விட்டுடாதீங்க. 39ஆவது சாப்டர்ல மேக்விட்ச் திரும்பி வர்றப்போ, பிப் ரெண்டு புது நோட்டை எடுத்து, "வேற ஏதாவது ஏழைப் பையனுக்குக் குடுங்க"ன்னு நீட்டறான். அவர் மடிச்சு, முறுக்கி, விளக்குல கொளுத்தி சாம்பலைத் தட்டுல போடுறார். அதுக்கப்புறம்தான் உண்மை வருது: பிப்பை ஜென்டில்மேன் ஆக்கின பணமே அவரோடது.

ரெண்டு பேரையும் கோக்கற ஆள் காம்பேசன். மிஸ் ஹேவிஷமை ஏமாத்தினவனும் அவனே, மேக்விட்சைத் தன்னோட மோசடிகள்ல இழுத்து விட்டவனும் அவனே. ஒரே வழக்குல அவனுக்கு 7 வருஷம், மேக்விட்சுக்கு 14. அவன் பாக்க ஜென்டில்மேன் மாதிரி இருந்தான், அவ்வளவுதான். நாவல் எதைக் கேலி பண்ணுதுன்னு எழுத இந்த ரெண்டு எண்ணும் போதும். மிஸ் ஹேவிஷம் சொத்தும் மதுவடிக்கற ஆலைப் பணம்தான். ரொட்டி சுட்டா ஜென்டில்மேன் ஆக முடியாது, பியர் வடிச்சா ஆகலாம்னு ஹெர்பர்ட் சிரிக்கிறானே, அந்த இடம் இங்க பொருந்தும்.

இன்னொரு இழை கை. மிஸ் ஹேவிஷமோட வளர்ப்பு மகள் எஸ்டெல்லா பிப்போட சொரசொரப்பான கையைக் கேலி பண்றா. வக்கீல் ஜாகர்ஸ் ஒவ்வொரு கட்சிக்காரர் போனதும் வாசனை சோப்பு போட்டுக் கழுவறார். அவர் வீட்டு வேலைக்காரி மாலியோட மணிக்கட்டுல தழும்பு. 44ல எஸ்டெல்லா ஊசியால பின்னல் வேலை பண்றா. 48ல மாலியோட விரல் அதே மாதிரி அசையறதைப் பாத்துத்தான் எஸ்டெல்லாவோட அம்மா யாருன்னு பிப் கண்டுபிடிக்கிறான். அப்பா மேக்விட்சுங்கறது அடுத்து வருது. ஏளனம் பண்ணினவளே ஒரு கைதியோட மகள். 49ல மிஸ் ஹேவிஷமைத் தீயிலேருந்து காப்பாத்தப்போய் பிப்போட கை வெந்துபோகுது. வழக்கு நடக்கறப்போ கூண்டுக்கு வெளிய நின்னு மேக்விட்ச் கையைப் பிடிச்சிக்கிட்டு இருக்கான். அருவருத்து ஒதுங்கின அதே கை அது.

கடைசியா ஒரு எச்சரிக்கை. சில பதிப்புல மூணு பாகமாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் சாப்டர் நம்பர் புதுசா ஆரம்பிக்கும். அப்போ 39 உங்களுக்கு ரெண்டாம் பாகத்தோட கடைசி சாப்டர். முடிவும் ரெண்டு இருக்கு. நண்பரும் எழுத்தாளருமான புல்வர்-லிட்டன் சொன்னதால டிக்கன்ஸ் மாத்தினார். முதல்ல எழுதினதுல பிப்பும் எஸ்டெல்லாவும் தெருவுல பாத்து, கை குலுக்கிப் பிரியறாங்க. அச்சுல வந்ததுல இடிஞ்ச தோட்டத்துல பிப் அவ கையைப் பிடிச்சிட்டு வெளிய வர்றான். எந்த முடிவை வெச்சு எழுதறீங்கன்னு முதல் வரியிலேயே சொல்லிடுங்க.