தகவமைப்பைப் பிள்ளைகளுக்கு விளங்க வைக்க

நேயர்களுக்கு வணக்கம். தகவமைப்பு என்றால், உயிர்கள் வாழும் இடத்துக்குப் பொருந்தி அமைந்திருப்பது.

சப்பாத்திக்கள்ளிக்கு ஏன் முள் என்று கேட்டால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சட்டென்று சொல்லும்: “தண்ணிய மிச்சம் பிடிக்க இலைய முள்ளா மாத்திக்கிச்சு.” தண்ணீர்க் கணக்கு சரிதான். ‘மாத்திக்கிச்சு’ என்பதில்தான் கோளாறு. எந்தச் செடியும் தேவை பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்வதில்லை. ஆனால் பரீட்சையில் இந்த விடைக்கு மதிப்பெண் கிடைத்துவிடுவதால் யாரும் திருத்துவதில்லை. ஒரு காலைப்பொழுது இருந்தால் திருத்திவிடலாம்.

பத்து மணி வெயிலில் தொடங்குங்கள். ஒரே மாதிரி மூன்று கைத்துண்டுகளை நனைத்துப் பிழிந்து தராசில் வையுங்கள். குறைவதில் தண்ணீர் தெளித்து மூன்றையும் ஒரே எடைக்குக் கொண்டுவாருங்கள். ஒன்றை விரித்து வையுங்கள். இரண்டாவதை இறுகச் சுருட்டி வையுங்கள். மூன்றாவதைச் சுருட்டிப் பாலிதீன் பைக்குள் போட்டு வாயை மடித்துவிடுங்கள். அடியில் பாலிதீன் தாள் வேண்டும். வெறும் சிமெண்ட் தரை ஈரத்தை உறிஞ்சிக் கணக்கைக் கெடுத்துவிடும். ஒரு மணி நேரம் காயட்டும்.

அதற்குள் ஒரு விளையாட்டு. பச்சைக் கம்பளி நூல் 20 துண்டு, வெள்ளை 20 துண்டு, ஒவ்வொன்றும் 3 செ.மீ. சிவப்பு வேண்டாம், சில பிள்ளைகளுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பசும்புல்லில் மூன்று மீட்டர் சதுரத்துக்குள் தூவுங்கள். ஐந்து பிள்ளைகள்தான் பறவைகள், நூல்தான் புழு. ஒரு தடவைக்கு ஒரு நூல்தான். கண்ணில் முதலில் பட்டதை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகவேண்டும். ஆளுக்கு நான்கு எடுத்ததும் நிறுத்துங்கள். மண்டியிட்டுத் துழாவ விட்டால் இரண்டு நிறமும் சமமாகக் கிடைத்து விளையாட்டு வீணாகிவிடும். எந்த நிறம் தப்பும் என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

இப்போது எண்ணுங்கள். 15 வெள்ளையும் 5 பச்சையும் பிடிபட்டன என்று வையுங்கள். புல்லில் மிச்சம் 5 வெள்ளை, 15 பச்சை. தப்பிய ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் ஒரு குட்டி: 5 வெள்ளை, 15 பச்சை சேர்த்துத் தூவுங்கள். மறுபடியும் நாற்பது. இப்படி மூன்று சுற்று போனால் புல் பெரும்பாலும் பச்சை நூலாகத்தான் இருக்கும். அப்போது கேளுங்கள்: “ஒரு நூலாவது நிறம் மாறிச்சா?” பிள்ளைகளைக் கொஞ்சம் யோசிக்க விடுங்கள், நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டாம். பிறகு அதே நூலை வெள்ளையடித்த மொட்டைமாடியில் தூவினால் தலைகீழாகும்.

இங்கிலாந்தில் இது நிஜமாகவே நடந்தது. மான்செஸ்டர் பக்கம் வெளிர்நிறமாக இருந்த ஓர் அந்துப்பூச்சியில் முதல் கறுப்புப் பூச்சி 1848-இல் பதிவானது. ஆலைக்கரி மரங்களில் படியப் படிய, 1895-க்குள் அங்கே நூற்றுக்கு 98 கறுப்பு. காற்று சுத்தமானதும் மறுபடி வெளிர்நிறமே பெருகியது.

“பச்சோந்தி நிறம் மாறுதே?” என்று ஒரு பிள்ளை நிச்சயம் மடக்கும். நல்ல கேள்வி. நிறம் மாறும் திறமை அதன் பிறவிச் சொத்து; அதுவாகக் கற்றுக்கொண்டதல்ல. அந்தத் திறமைதான் தலைமுறை தலைமுறையாகத் தேறி வந்தது.

இனி துண்டுகளை எடை போடுங்கள். விரித்தது மிக அதிகமாக இளைத்திருக்கும், சுருட்டியது குறைவாக, பைக்குள் இருந்தது அநேகமாக அப்படியே. காற்றுபடும் பரப்பு குறைந்தால் இழப்பும் குறைகிறது. அகன்ற இலை இல்லாத கள்ளியின் பருத்த தண்டு சுருட்டிய துண்டு மாதிரி. அதன் மெழுகுத்தோல் அந்தப் பாலிதீன். கள்ளியும் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை; பச்சை நூல் மாதிரி, தண்ணீரை மிச்சம் பிடித்தவைதான் தப்பித் தலைமுறை தலைமுறையாகப் பெருகின.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இன்னொரு கேள்வி பாக்கி: அப்படியானால் வாழைக்கு ஏன் அவ்வளவு பெரிய இலை? தண்ணீர் வெளியேறும் இலைத்துளை வழியாகத்தான், செடி உணவு தயாரிக்கத் தேவையான கரியமில வாயுவும் உள்ளே வரவேண்டும். கள்ளி பகலில் துளையை மூடி இரவில் திறக்கிறது. அதனால் மெல்லத்தான் வளர்கிறது. வாய்க்கால் ஓரத்து வாழைக்கு அந்தக் கஞ்சத்தனம் நஷ்டம்.

கள்ளியை வகுப்புக்குக் கொண்டுவருவதென்றால் எச்சரிக்கை. சப்பாத்திக்கள்ளியைப் பெரிய முள்ளுக்குப் பயந்து இடுக்கியால் பிடிப்பீர்கள். குத்துவது அதன் அடியில் இருக்கும் மயிர் போன்ற பொடிமுள். ஏறிவிட்டால் தேய்க்காமல் செலோடேப் ஒட்டி உரியுங்கள். சதுரக்கள்ளி வேறு குடும்பம், ஆமணக்கின் உறவு. கீறினால் பால் வடியும். அது கண்ணில் பட்டால் ஆபத்து. அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். வேலியில் நிற்கும்போதே தள்ளி நின்று காட்டுங்கள்.

வணக்கம்.